சவரிமுத்துவோடு ஒன்று

தூத்துக்குடி எண்ணகம் சவரிமுத்துவை ஏற்க மறுத்தது. அவர் பகா எண்.

இறந்தவரின் நினைவுகளை, பிறப்பிலிருந்து வரிசையாக, ஒரே முழு எண்ணாக அங்கே எழுதினார்கள். ஒவ்வோர் இலக்கமும் ஒரு நினைவின் அழுத்தம், ஒன்பது உச்சம். அந்த நினைவெண் முழுதாக ஒரே இடத்தில் இருந்தால் யாராவது திருடி, செத்தவரைப் பேசவைத்துச் சொத்து கேட்பார்கள். ஆகவே அதைக் காரணிகளாக உடைத்து, ஊருக்கொன்றாக வைக்கச் சொன்னது சட்டம். உறவினர் கேட்டால் மட்டும் மறுபடி பெருக்கி எழுப்புவார்கள், இறந்தவர் பேசுவார். பகா எண் உடையாது. உடையாத எண்ணை அழித்துவிடுவார்கள்.

"பயப்படாதிய யக்கா," என்றான் எண்ணாளர் காசிராமன். "ஒன்னைக் கூட்டி உடைச்சு வைப்போம். எழுப்பையில கழிச்சிருவோம். இங்க எல்லாரும் செய்றதுதான்."

பிலோமினா சம்மதித்தாள். கடல் ஊருக்குள் வந்த அன்று அவர்களுடைய மகள் ஆக்னஸ் போய்விட்டாள். அவளைத் தெரிந்த வேறு யாரும் மிஞ்சவில்லை. அந்தத் துக்கத்திலேயே கணவர் சவரிமுத்துவும் போனார். மகளைப் பற்றிப் பேசி அழ, பிலோமினாவுக்கு அவர் வேண்டும்.

எழுப்பியபோது காசிராமன் கழிக்க மறந்துவிட்டான்.

"ஏட்டி பிலோமி! நான் செத்துட்டேனா? நல்ல கூத்துதான் போ!" ஒலிபெருக்கியில் சிரிப்பு. "ஆக்னஸ் எங்க? ஸ்கூல் விட்டு வந்துட்டாளா?"

காசிராமன் பதறிப்போய் ஒலிவாங்கியை அணைத்தான்.

"மக போன பெறகு அவருக்கு எழுதுனது பூரா ஒன்பது, யக்கா. ஒன்னைக் கூட்டவும் அம்புட்டும் சுழியமாயிட்டு. அந்தச் சாவே அவருக்குத் தெரியாது."

"கழிச்சிரு தம்பி."

"இப்பவே சரின்னு சொல்லுங்க. பேசப் பேச அந்தச் சுழியத்துல புதுசா எழுதிரும். அப்புறம் கழிச்சாலும் பழைய ஆள் வரமாட்டாரு."

சவரிமுத்து சீட்டியடித்துக்கொண்டிருந்தார். மகள் போனதிலிருந்து அவள் கேட்காத சத்தம். பிலோமினா காசிராமனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு."

ஒலிவாங்கியை அவளே திறந்தாள்.

"டியூஷனுக்குப் போயிருக்கா. வந்துருவா."

திரையில் முதல் சுழியம் நகர்ந்து இரண்டு ஆனது. காசிராமன் திரையை அவள் பக்கமிருந்து திருப்பிவிட்டான்.

அதன்பிறகு அவள் வீட்டில் தனியாக அழுதாள், எண்ணகத்தில் சிரித்தாள். டியூஷன் பரீட்சையாயிற்று. பரீட்சை திருச்சி விடுதியாயிற்று. விடுதி வேலையாயிற்று. மகளைப் பற்றி அவர் கேட்பதும் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு மழைக்காலம். சவரிமுத்து சீட்டியடிப்பதை நிறுத்தினார்.

"உள்ளதைச் சொல்லு பிலோமி."

பிலோமினா ஒலிவாங்கியை அணைக்கக் கை நீட்டினாள்.

"நான் அவளுக்கு என்னட்டி குறை வச்சேன்? ஒரு வார்த்தை பேச மனசு வரலையே அவளுக்கு. நான் செத்தன்னைக்காவது அழுதாளா?"

"அழுதா," என்றாள் பிலோமினா. "ரொம்ப அழுதா."

"சும்மா சொல்லாதட்டி," என்றார் சவரிமுத்து.