பத்மாசினி சொல்லாத செய்தி

உடுப்பிட்டிப் பக்கத்தில் மூன்று சின்னப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. வருடத்துக்கு ஒருமுறை வித்தியாதரிசி வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்று பார்த்து, மூன்றையும் வரிசைப்படுத்துவார். போன வருடம் பத்மாசினியின் பள்ளிக்கூடம் இரண்டாவது.

இந்த முறை முதலிடம் வேண்டும் என்று தலைமையாசிரியர் கனகரத்தினம் ஒற்றைக்காலில் நின்றார். சோதனைக்கு முதல் நாள், ஐந்தாம் வகுப்புச் சட்டாம்பிள்ளையான பத்மாசினியைக் கூப்பிட்டார்.

“கத்தரீனா இண்டைக்கு வரேல்லை. நாளைக்கும் வரவேண்டாமெண்டு போய்ச் சொல்லு. அவள் வந்தால் எங்கடை பள்ளிக்கூடம் பின்னுக்குப் போயிடும்.”

வகுப்பில் மிக மெதுவாக வாசிப்பவள் கத்தரீனாதான். மீன் காயவைக்கும் நாட்களில் தாய்க்கு உதவியாக நின்றுவிடுவாள். பிறகு பாடம் எங்கே பிடிபடும்?

பத்மாசினி கடற்கரைக்குப் போனபோது, கத்தரீனா கருவாட்டுக்குக் காவலிருந்தபடி உரத்து வாசித்துக்கொண்டிருந்தாள். சுற்றியிருந்த காகங்களுக்கு அந்தப் பாடம் மனப்பாடமாகியிருக்கும்.

“நாளைக்கு நான் வாசிக்கிறதை வித்தியாதரிசி கடைசி மட்டும் கேட்பாரோ?” என்றாள்.

கொண்டுவந்த செய்தியைப் பத்மாசினி சொல்லவில்லை. “ஓம், கேட்பார்” என்று சொல்லி அருகில் உட்கார்ந்தாள். பொழுது சாயும்வரை சொல்லிக்கொடுத்தாள்.

மறுநாள் கத்தரீனாவைக் கண்டதும் தலைமையாசிரியரின் முகம் இருண்டது. அவள் மூன்று இடங்களில் தடக்கினாள், ஆனால் நிறுத்தவில்லை. வித்தியாதரிசி கடைசிவரை கேட்டார். வாசிப்பில் சித்தி. கணக்கில்தான் தவறிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. மூன்றாம் இடம்.

கணக்கில் இன்னும் இரண்டு பேர் தவறியிருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. தலைமையாசிரியர் பத்மாசினியை எழுப்பி, கத்தரீனாவை வரவேண்டாமென்று சொன்னாளா என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

“நான் சொல்லேல்லை, ஐயா.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அன்றே வேறொரு பிள்ளை சட்டாம்பிள்ளை ஆனாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் தோழிகள் பத்மாசினியை விட்டுவிட்டு முன்னே போனார்கள். கத்தரீனா மட்டும் பின்னால் வந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

“எனக்குச் சொல்லியிருக்கலாமே. நான் வீட்டிலை நிண்டிருப்பன்.”

“அதுக்காகத்தான் சொல்லேல்லை.”



அடுத்த நாள் பத்மாசினியின் வாங்கில் யாரும் உட்காரவில்லை. கடைசி வரிசையிலிருந்து கத்தரீனா எழுந்து வந்து, அவளை ஒட்டி உட்கார்ந்து, அடுத்த பாடத்தை விரித்தாள்.