கூப்பிட்டால் திரும்பாத குழந்தை

'டங்!'

எவர்சில்வர் தாம்பாளம் தரையில் விழுந்து, சுழன்று, மூன்றாவது மாடியின் அத்தனை ஃபிளாட்டுக்கும் சேதி சொல்லிவிட்டு அடங்கியது. விழுந்தது என்று சொன்னால் பொய். மாமியார் போட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த குழந்தையின் முதுகுக்குப் பின்னால் பூனை மாதிரி நடந்து போய், இரண்டு கையாலும் தூக்கிப் போட்டாள்.

ஒன்றரை வயதுக் குழந்தை திரும்பவே இல்லை. இட்லித் துண்டை விரலால் நசுக்கி, அது என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தியாடீ பத்மஜா? நான் சொன்னா எம்மேல பாய்வியே... இப்ப உன் கண்ணாலயே பாத்தியோன்னோ?" மாமியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "மூணு வாரமா காமு, காமுன்னு தொண்டை கிழியக் கத்தறேன். ஒரு தடவை திரும்பினாளா? இது செவிடு! நம்ம தலைல கட்டிட்டா!"

பத்மஜா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "அம்மா... குழந்தை காதுல விழற மாதிரி இப்படியெல்லாம் பேசாதீங்கோ."

"விழுந்தாத்தானே!"

ஃபோனில் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. வங்காளத்துப் பெருநகரின் மறுகோடியில் இருக்கும் நியூ டவுனிலிருந்து நாத்தனார் சுப்ரியா தினமும் காலையில் அம்மாவோடு பேசுவாள். பேச்சு என்பது மரியாதைக்குச் சொல்வது. அங்கிருந்தே இந்த வீட்டை நடத்துகிறாள் என்பதுதான் உண்மை.

"மன்னி, தப்பா எடுத்துக்காதீங்கோ. தத்து ஆர்டர் வெள்ளிக்கிழமைதானே கையெழுத்தாகப் போறது? அதுக்குள்ள திருப்பிக் கொடுத்துடலாம். வேற குழந்தை காட்டுவா."

திருப்பிக் கொடுப்பதாம்! விசில் வராத குக்கரா இது? பத்மஜா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். ஸ்ரீநாத் பேங்குக்குக் கிளம்பி, ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக நின்றிருந்தான். பதினான்கு வருஷமாக, அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் அவன் அப்படித்தான் நிற்கிறான்.

"இன்னிக்கு லீவ் போட்டுடறேன். காது டாக்டர்ட்ட காட்டிடலாம். அப்புறம்... பாத்துக்கலாம்."

"அப்புறம் என்னன்னா பாக்கறது?"

அவன் ஷூவைக் கழற்றினான்.

குழந்தையின் பேர் காமு இல்லை. அங்கேதான் எல்லாமே ஆரம்பித்தது.

பதினான்கு வருஷக் கல்யாணத்தில் பத்மஜா போகாத கோயில் இல்லை, விழுங்காத மாத்திரை இல்லை. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்க வருகிறவர்கள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். கடைசியில் தத்து எடுப்பதென்று முடிவு செய்து, பதிவு செய்து, நான்கு வருஷம் காத்திருந்தபின் ஒரு அனாதைக் குழந்தைகள் ஹோமில் இந்தக் குழந்தையைக் காட்டினார்கள். அங்கே எல்லோரும் அவளை 'ஜோனாகி' என்று கூப்பிட்டார்கள். வங்காள மொழியில் மின்மினிப்பூச்சி என்று அர்த்தம். ஆயா பின்னாலிருந்து கூப்பிட்டதும், அந்தச் சின்ன முகம் திரும்பி, இரண்டு முன்பல்லைக் காட்டிச் சிரித்தது. பத்மஜா அந்த இடத்திலேயே அம்மாவாகிவிட்டாள்.

"பூச்சி பேரா!" என்றாள் மாமியார் கேட்டதும். "எங்காத்துக் குழந்தைக்குப் பூச்சி பேரா? குலதெய்வம் காமாக்ஷி. காமாக்ஷின்னு வை, காமுன்னு கூப்பிடு. இல்லேன்னா என் வாசப்படி ஏறப்படாது!"

ஸ்ரீநாத்துக்கு 'சஹானா' என்று ஒரு ஆசை இருந்தது. அம்மா பேச ஆரம்பித்ததும் அதை மடித்து உள்ளே வைத்துவிட்டான். குழந்தையை அழைத்துவரக் கிளம்பிய அன்று டாக்ஸியில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா சம்மதிச்சதே பெரிசு. இந்த ஒண்ணை மட்டும் விட்டுக் கொடேன். அந்தப் பேரால ஆத்துல கூப்பிட மாட்டேன்னு சத்தியம் பண்ணு. யாரும் இல்லாதப்பகூட..."

பண்ணினாள். விட்டுக் கொடுப்பது அவளுக்குப் பழக்கம். அவள் பேரையே விட்டுக் கொடுத்தவள் அல்லவா!

ஆமாம். பத்மஜா என்பது அவள் பேரே இல்லை. பெற்றவர்கள் வைத்த பேர் ஜெயலக்ஷ்மி. கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான், ஆதாரிலும் அதுதான். ஆனால் மாமியார் பேரும் ஜெயலக்ஷ்மியாகப் போயிற்று! பெற்ற தாயின் பேரைச் சொல்லி ஒருவன் பெண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவான்? கிரகப்பிரவேசம் செய்த அன்றே, மஞ்சள் காயாத தாலியோடு நின்றவளிடம், "இன்னிலேர்ந்து நீ பத்மஜா" என்று சொல்லிவிட்டார்கள். எந்த வீட்டிலும் நடப்பதுதான் என்றார்கள். அவளும் சரி என்றாள். சரி என்று சொல்லாத பெண்ணை யார் வீட்டில் வைத்துக்கொண்டார்கள்?

மூன்று வாரமாக 'ஜோனாகி' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வரும். விழுங்குவாள். குழந்தையோ யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், கொடுத்ததைத் தின்று, போட்ட இடத்தில் கிடந்தது. இன்றைக்குத் தாம்பாளத்துக்கும் திரும்பவில்லை என்றதும் பத்மஜாவுக்கே ஒரு பயம் வந்துவிட்டது. அன்றைக்குக் குழந்தை திரும்பியது பேருக்கா, இல்லை தற்செயலா? இப்போது கூப்பிட்டு, அதற்கும் திரும்பவில்லை என்றால்...?

குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "அம்மா, கிளினிக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். காது கேக்கலேன்னாலும் இவ என் பொண்ணுதான். இவளைத் திருப்பிக் கொடுக்கறதுன்னா, என்னையும் சேத்துக் கொடுத்துடுங்கோ."

பத்மஜா இப்படிப் பேசி அந்த வீடு கேட்டதில்லை. மாமியார் ஃபோனை அணைத்துவிட்டு, தானும் கிளினிக்குக்குக் கிளம்பினாள்.

ராஷ்பிஹாரி பக்கம் ஒரு சின்னக் கிளினிக். சோதனை செய்கிற பெண்மணி பூர்ணிமா, நடுத்தர வயது, பருத்திப் புடவை, நிதானமான குரல். மாமியாரை 'மாஷிமா', அதாவது பெரியம்மா, என்று கூப்பிட்டு நாற்காலி போட்டாள். குழந்தையை அப்பா மடியில் உட்கார்த்தி வைத்து, இடது பக்கப் பெட்டியில் ஒரு சத்தம், வலது பக்கப் பெட்டியில் ஒரு சத்தம். கிலுகிலுப்பை. மணி. குழந்தை ஸ்ரீநாத்தின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

"பாத்தியா!" என்றாள் மாமியார். ஆனால் குரலில் காலையில் இருந்த ஜோர் இல்லை. புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பூர்ணிமா எதையோ குறித்துக்கொண்டாள். "பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்றாள் வங்காள மொழியில்.

"காமு!" என்றாள் மாமியார். "காமூ... அடியே காமு!"

"காமு" என்றான் ஸ்ரீநாத், காதுக்குப் பக்கத்திலேயே.

ஒன்றுமில்லை. மாமியாரின் கண் கலங்கிவிட்டது. "ஐயோ... பாவம்டா, நெஜமாவே கேக்கலைடா ஸ்ரீ..."

பூர்ணிமா ஃபைலைப் புரட்டினாள். "தத்துக் குழந்தையா? ஹோமில் என்ன பேர்?"

ஸ்ரீநாத் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். சத்தியம் இருவருக்கும் நடுவில் நின்றது.

"மன்னிச்சுக்கோங்கோ" என்றாள் பத்மஜா அவனிடம். "இத்தனை வருஷத்துல உங்க பேச்சை ஒண்ணுகூட மீறலை. இதை மீறறேன்."

எழுந்தாள். அறையின் கோடிக்கு, கதவுவரைக்கும் போனாள். கத்தவில்லை. கத்தக் குரலும் இல்லை. ரகசியம் சொல்கிற மாதிரி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

"ஜோனாகி..."

பொத்தானைத் திருகிய விரல் நின்றது.

குழந்தை திரும்பியது! தலை மட்டுமா? தோள், இடுப்பு, கால் எல்லாம் திரும்பியது. மூன்று வாரமாக யாரும் பார்க்காத அந்த இரண்டு முன்பல்லும் தெரிந்தன. "மா!" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, அப்பாவின் மடியிலிருந்து வழுக்கி, தத்தித் தத்தி ஓடி வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டது.

பத்மஜா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஜோனாகி... ஜோனாகி... ஜோனாகி!" மூன்று வாரம் விழுங்கினதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லித் தீர்த்தாள். ஒவ்வொரு தடவைக்கும் குழந்தை 'ஆ' என்று பதில் சொன்னது.

பூர்ணிமா குழந்தையின் காதில் ஒரு சின்னக் குழாயை வைத்து மிஷினிலும் பார்த்தாள். "முதல் கிளாஸ் காது, மாஷிமா! முப்பது குழந்தைகள் ஒரே அறையில் அழுகிற இடத்தில் வளர்ந்தவள். சத்தம் இவளுக்கு ஒரு விஷயமே இல்லை. தாம்பாளமெல்லாம் எம்மாத்திரம்? இவளுக்கென்று அங்கே இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். அதையும் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டால், பாவம், எதற்குத் திரும்புவாள்?"

பத்மஜா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் எதிரில் வந்து நின்றாள். இத்தனை நாள் எங்கே இருந்ததோ அந்தக் குரல்!

"ஞாபகம் இருக்கா அம்மா? நான் வந்த மொதல் மாசம், அடுக்குள்ள அடுப்புக்கு முன்னாடி கோலம் போட்டுண்டிருந்தேன். நீங்க பத்மஜா, பத்மஜான்னு நாலு தடவை கூப்பிட்டேள். நான் திரும்பலை. யாரையோ கூப்பிடறேள்னு நெனச்சேன். நாலு பேர் முன்னாடி, 'செவிட்டுப் பொண்ணைத் தலைல கட்டிட்டா'ன்னேள்... அதே வார்த்தை, அம்மா! இன்னிக்குக் காலம்பற சொன்னேளே, அதே வார்த்தை! எனக்கு அப்ப இருபத்தி மூணு வயசு. அழுதுண்டே பழகிண்டுட்டேன். இவளுக்கு ஒன்றரை வயசு. பெத்தவா இல்லை, வீடு இல்லை, கொண்டு வந்த சொத்தே அந்தப் பேர்தான். அதை நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். என்னோடதை எடுத்துண்டேள்... போகட்டும். இவளோடதைத் தொடாதீங்கோ!"

"ஸ்ரீ" என்றாள் மாமியார், எங்கோ பார்த்துக்கொண்டு. "தத்து ஃபாரத்துல குழந்தை பேர் எழுதணும்னியே. பையில இருக்கா?"

"இருக்கும்மா."

"எழுது. அந்தப் பூச்சி பேரையே எழுது."

ஸ்ரீநாத் ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை. பூர்ணிமாவின் மேஜையிலேயே வைத்து எழுதினான். எழுதி முடித்துவிட்டு மனைவியைப் பார்த்தபோது அவன் முகம் தொங்கிப் போயிருந்தது. "நான்தான் உன்கிட்ட சத்தியம் வாங்கினேன். தப்பு என்னோடது" என்றான். கல்யாணமான நாளாக அவன் தப்பு என்று ஒப்புக்கொண்ட முதல் தடவை!

திரும்பும்போது லேக் மார்க்கெட்டில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள் மாமியார். வெற்றிலை வாங்க வேண்டுமாம். பத்மஜா குழந்தைக்கு வெயில் படாமல் முந்தானையைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். பகல் நேரக் கூட்டம். வாழை இலைக் கட்டு, முருங்கைக்காய், காபிப்பொடி வாசனை. வழக்கமாகச் சாமான் வாங்கும் கோபு கடையில் ஏழெட்டுத் தமிழ் மாமிகள் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கினவர்கள்தான்.

"ஜெயலக்ஷ்மீ!"

பின்னாலிருந்து குரல். பத்மஜா இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடி வைக்க முடியவில்லை. அந்தப் பேரைச் சொல்லி இந்த ஊரில் யாரும் அவளை அழைத்ததில்லை. பிறந்த வீட்டில் அப்பா போனதோடு அங்கேயும் அந்தக் குரல் நின்றுபோயிருந்தது.

"ஜெயலக்ஷ்மீ! உன்னைத்தான்டீ!"

திரும்பினாள்.

மாமியார் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அவள் நகரவில்லை.

"உனக்கும் காது நன்னாத்தான் கேக்கறது" என்றாள், சிரிக்கப் பார்த்து, முடியாமல். "எனக்குத்தான்டீ பதினாலு வருஷமா கேக்கலை..."

ஓடி வந்து, குழந்தையோடு சேர்த்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். எலும்பு நொறுங்கும்படி ஒரு அணைப்பு. நடுவில் மாட்டிக்கொண்ட ஜோனாகி பாட்டியின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது.

கோபு கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன மாமி, யாரைக் கூப்பிட்டேள்? ஜெயலக்ஷ்மி நீங்கதானே?"

"நானும்தான்!" மாமியார் கடைக்குத் திரும்பி, எல்லா மாமிகளுக்கும் கேட்கும்படி கூவினாள். "இது என் மாட்டுப்பொண் ஜெயலக்ஷ்மி. இது என் பேத்தி ஜோனாகி. ஒரு ஆத்துல ரெண்டு ஜெயலக்ஷ்மி இருந்தா என்ன, குடியா முழுகிடும்? வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்ததும் எல்லாரும் ஆத்துக்கு வாங்கோ, பாயசம் பண்றேன். டேய் ஸ்ரீ, என்னடா முழிக்கறே? பொண்டாட்டியைக் கூப்பிடு!"

ஸ்ரீநாத்துக்குக் காதுவரை சிவந்தது. அம்மாவைப் பார்த்தான். தொண்டையைக் கனைத்தான். "ஜெ... ஜெயா."

"கேக்கலை" என்றாள் மாமியார்.

"ஜெயா!"

"என்னன்னா?" என்றாள் ஜெயலக்ஷ்மி.