முதல் தண்ணீர்

உபதேசியார் தேவானந்தம் தொட்டி ஓரத்தில் குப்புறக் கிடந்தார். வலது கையில் பித்தளைச் செம்பு. பக்கத்தில் வாந்தி, திரிந்த மோரும், அதில் அரைபட்ட ஏதோ விதையும். தொட்டித் தண்ணீரில் கெண்டைக் குஞ்சுகள் வயிறு தெரிய மிதந்தன.

1926, சித்திரை, சனிக்கிழமை, காலை ஏழரை. புத்தூர் சப்-இன்ஸ்பெக்டர் சிவசங்கரன் வந்து சேர்ந்தபோது, வடமாலபேட்டைக்குத் தெற்கே இருந்த பெத்தேல்புரத்து மிஷன் ஜனங்கள் ஒரு ஆளைப் புளியமரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர் தணிகாசலம். உதடு கிழிந்திருந்தது.

"இவன்தான்யா வெசம் கலந்தான்," என்றார் சபை மூப்பர் இயேசுதாசன். "நேத்து இவன் கெணத்துலேர்ந்துதான் மாடு கட்டிக் கவலை எறச்சு தொட்டியை ரொப்புனோம். போன வாரம் வாய்க்கா தகராறுல, 'உங்க தொட்டி எப்படி ரொம்புதுன்னு பாக்கறேன்'னு உபதேசியாரை மெரட்னான். குடிச்சுட்டுப் பூட்டார் மனுசன். மீனுங்களே செத்துக் கெடக்குது, பாருங்க."

கட்டிவைத்த குற்றவாளியைக் கண்டாலே சிவசங்கரனுக்கு எரிச்சல் வரும். வேலை மிச்சம் என்று சந்தோஷப்படும் போலீஸ்காரர்கள் உண்டு. அவர் அந்த ரகம் இல்லை. கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, தணிகாசலத்தின் பக்கத்தில் கான்ஸ்டபிள் எத்திராஜை நிறுத்தினார். பிறகு, இறந்தவரின் மனைவி லோயிஸிடம் போனார்.

"நேத்து என்ன நடந்துதும்மா?"

"வியாழக்கிழமை தொட்டியைத் தேச்சுக் கழுவி சுண்ணாம்பு அடிச்சாங்க. நேத்து முதல் தண்ணி உட்டாங்க. அது ராவெல்லாம் நின்னு காரம் எறங்கணும். காலையில அதைக் கொட்டிட்டு மறுதண்ணி ரொப்பணும். அப்பறம்தான் கொசுப்புழு துன்ன மீனை உடறது, குடிக்கறது எல்லாம். அவரு வகுத்த முறை."

"ராத்திரி என்ன சாப்பிட்டார்?"

"வூட்ல துன்னல. ஒருத்தரைப் பாத்துப் பேசிட்டு, தொட்டியையும் பாத்துக்கினு வரேன்னார். வரல. கோயில்லயே படுத்துட்டார்னு இருந்துட்டேன். நாளைக்கு யாரையோ சபையை விட்டு நீக்கணும்னு நாலஞ்சு நாளா தூங்கல. பேரைக் கேட்டா சொல்லல. அதுக்குள்ள மனந்திரும்பட்டும், யாருக்கும் தெரிய வேணாம்னார்."

"நீக்கினா என்ன ஆவும்?"

லோயிஸ் தொட்டியைப் பார்த்தாள். "இதுல பங்கு கெடையாது."

அதன் அர்த்தம் சிவசங்கரனுக்குப் புரிந்தது. கவலை இறைத்து வாய்க்காலில் ஓடி வரும் தண்ணீர் இவர்களுக்கு வரலாம். ஊர்க் கிணற்றில் இவர்கள் குடம் படக்கூடாது. ஆறு மணலாய்க் கிடந்தது. இந்தத் தொட்டியை விட்டால் ஒரு வாய்த் தண்ணீருக்கு வேறு கதி இல்லை.

"மூப்பரே, கழுவற நாள்ல மீனை எங்க வெப்பீங்க?"

"பானையில போட்டு எங்க வூட்லதான். நேத்து சாயந்திரம் உபதேசியாரே வாங்கிக்கினு போய் உட்டார்."

சிவசங்கரன் அந்த வீட்டுக்குப் போனார். மூலையில் பாசி படிந்த பானை காலியாக இருந்தது. மூப்பரின் மனைவி தபீதாளின் இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை, மொட்டைத் தலையோடு.

"பேன் தொல்லைங்கய்யா," என்றாள் தபீதாள், கேட்காமலே.

தொட்டித் தண்ணீர் வற்றிக் காலியாகிப்போன இந்த வாரம் முழுக்கக் குழந்தையைக் குளிப்பாட்டியிருக்கமாட்டார்கள். காது மடிப்பில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் அதை விரலால் தொட்டு முகர்ந்தார்.

திரும்பி வந்தவர் நேராகத் தொட்டியில் கை விட்டு ஒரு வாய் அள்ளிக் குடித்தார். விரல்களில் வெள்ளையாகப் படிந்திருந்ததை வேட்டியில் துடைக்கிற மாதிரி கால்சட்டையில் துடைத்தார்.

"ஒரே சுண்ணாம்புக் கசப்பு. நாக்கு வெந்துபோச்சு. வெஷம் இல்ல." அவர் சுற்றிலும் பார்த்தார். "இது முதல் தண்ணி. இந்த ஊர்ல யாராவது இதைக் குடிப்பீங்களா? முறை வகுத்தவரே குடிப்பாரா? இதுல அவர் மீனை விடுவாரா? மீன் சுண்ணாம்புல செத்துது. அவர் மோர்ல அரைச்சுப்போட்ட அரளி விதையில செத்தார். செத்தப்பறம் கையில செம்பை வெச்சாங்க. மீனைக் கொட்டினாங்க. வெளியூர் போலீசுக்கு உங்க வழக்கம் தெரியாதுன்னு நெனச்சு."

இத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம்தான். பிணத்தைப் பார்த்த பதற்றத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"மீன் பானை ஒரே வூட்லதான் இருந்துது, மூப்பரே."

"அவரைக் கொன்னு எனக்கு என்னய்யா ஆவணும்?"

"பேனுக்கு மொட்டை அடிச்சா தலைக்கு சந்தனம் பூசுவாங்களா?"

பின்னாலேயே வந்து கூட்டத்தில் நின்ற தபீதாள் குழந்தையின் மொட்டைத் தலையை முந்தானையால் மூடினாள். மரத்தடியிலிருந்து தணிகாசலம் மெல்லச் சொன்னார்:

"போன வாரம் வெள்ளிக்கிழமை திருமலையில மூப்பரைப் பாத்தேங்கய்யா. மொட்டை போட்ட கொழந்தையைத் தோள்ல வெச்சுக்கினு நின்னார். உங்க மூப்பர் எங்க சாமிகிட்ட வந்துட்டார்னு உபதேசியார்கிட்ட வெளையாட்டா சொன்னேன். இப்படி ஆவும்னு தெரியாது."

இயேசுதாசன் பேசியபோது குரல் சாதாரணமாக இருந்தது.

"ஜொரத்துல கண்ணு சொருகிடுச்சு. ஜெபம் பண்ணேன், எறங்கல. மலைக்கு வேண்டிக்கினேன், எறங்கிடுச்சு. நேத்து ராத்திரி அவர் கால்ல வுழுந்தேன். சபை முன்னாடி சொல்லு, ஆறு மாசம் வெளிய இருன்னார். இந்த வெயில்ல ஆறு மாசம் எம் புள்ளைங்க எங்க போய்த் தண்ணி குடிக்கும்? பொழைக்க வெச்சவளைத் தாகத்துல சாவ உடறதா?"

சிவசங்கரன் இயேசுதாசனுக்கு விலங்கு மாட்டும்படி எத்திராஜிடம் சொன்னார்.

மத்தியானம் பிணம் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனது. தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினார்கள். வெள்ளைத் தண்ணீர் வயலில் ஓடிக் காய்ந்தது. தணிகாசலம் கிழிந்த உதட்டோடு தாமே மாடுகளைப் பூட்டி மறுதண்ணீர் இறைத்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். பிணம் திரும்பி வந்ததும் கழுவ வேண்டுமே என்று லோயிஸும் வந்திருந்தாள். தூரத்தில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலிக் குடத்தோடு தபீதாள் நின்றாள். கிட்டே வர அவளுக்குத் துணிவில்லை. எல்லோரும் லோயிஸைப் பார்த்தார்கள்.

லோயிஸ் தன் குடத்தை நிரப்பிக்கொண்டாள். தபீதாளை அவள் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால், தொட்டியை விட்டு நகர்ந்து, ஒரு ஆள் நிற்க இடம் விட்டாள்.