ஞாயிற்றுக்கிழமை மாற்றாள்

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள், சித்திரை மாத உச்சிப்பொழுதில் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் தனியாக நின்று பார்த்திருக்க மாட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆலைக்கு விடுமுறை. தள்ளித் தள்ளிக் கட்டிய வெடிமருந்து அறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. காமராஜ் கேட் அருகே பைக்கை நிறுத்தியபோது கருவேலங்காட்டில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

அவன் விருதுநகரில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியின் சூப்பர்வைசர். இந்த கேட்டில் மதிய ஷிப்டுக்குப் போட்ட காவலாளிகள் ஒருவர் பின் ஒருவராக ஓடிவிட்டார்கள். இன்றும் ஆள் நிற்காவிட்டால் காண்ட்ராக்ட் போய்விடும், கூடவே அவன் வேலையும். அதனால் தானே யூனிபார்ம் மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

காலை ஷிப்ட் பார்த்த இசக்கிப்பாண்டி சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தான்.

"உச்சிக்கு யாராச்சும் கூப்பிட்டா திரும்பிப் பாக்காதீக சார்."

"யாருலே கூப்பிடப் போறா?"

"கோட்டைச்சாமி அண்ணாச்சிதான். பாவம், ஒண்ணும் செய்யமாட்டாக. மாத்தாள் வந்துட்டாரான்னு மட்டும் கேப்பாக."

சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறியவன்தான், விட்டால் போதும் என்று மிதித்தான்.

காமராஜ் சாவிக்கொத்தை பெல்ட்டில் மாட்டிக்கொண்டான். பயம் பாதி, வெட்கம் பாதி. மாதாமாதம் பில் போடுகிறவன் அவன்தானே! ஒரு காவலாளி ஆறு நாள் நின்றால் ஏழாம் நாள் ஓய்வு. அந்த நாளுக்கு வேறு ஆள் அனுப்புவதாகச் சொல்லி, ஆறு நாள் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கை ரிலீவர் சார்ஜ் என்று சேர்த்து ஆலையிடம் வாங்குவார்கள். வாங்கினார்கள், ஆளை அனுப்பியதே இல்லை. ஓய்வு நாளிலும் அதே மனிதனை நிற்க வைத்து, அந்த நாள் சம்பளத்தையும் கொடுக்காமல் விட்டார்கள். உழைத்தவன் வயிற்றில் அடிப்பது என்றால் இதுதான்.

பட்டாசு ஆலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவிக்கொத்தை இன்னொருவர் கையில் கொடுக்காமல் காவலாளி கேட்டை விட்டு ஓரடி நகரக்கூடாது. இந்த கேட்டில் நின்ற கோட்டைச்சாமி அதில் ரொம்பக் கெட்டி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெஞ்சை அடைக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று போனில் கெஞ்சியபோது காமராஜ் கூசாமல் சொன்னான்:

"மாத்தாள் பஸ் ஏறிட்டாரு அண்ணாச்சி. வந்ததும் கிளம்புங்க."

யாரும் பஸ் ஏறவில்லை. அந்த மனிதர் நம்பினார். சாவியைப் பிடித்தபடியே நாற்காலியில் செத்து விறைத்துப் போனார்.

வெயில் உச்சிக்கு வந்தது. பூட்டிய அறைகளிலிருந்து மருந்து வாடை கசிந்தது. அதோடு இன்னொரு வாடை, வியர்வையில் ஊறிய காக்கிச் சட்டையின் வாடை.

பூட்ஸ் சத்தம்.

ஆலைக்கு உள்ளிருந்து.

சரக்... சரக்... பின்னால் வந்து நின்றது. யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"மாத்தாள் வந்துட்டாரா சார்?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

"வந்துட்டேன் அண்ணாச்சி. நான்தான். என்னைய மன்னிச்சிருங்க. நீங்க வீட்டுக்குப் போங்க."

மூச்சுச் சத்தம் காதருகே வந்தது.

"மத்த கேட்டுல எல்லாம் யாரு நிக்கா?"

எல்லா கேட்டிலும் ஓய்வு நாளில் அதே ஆள்தான். தலை கவிழ்ந்தது. சீ, நானும் ஒரு மனுசனா என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

பூட்ஸ் சத்தம் அவனைக் கடந்து, தார் ரோட்டில் இறங்கித் தேய்ந்தது.

கேட் திறக்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மல்லாங்கிணறு பருப்பு மில்லில் நிற்கும் அவன் கம்பெனிக் காவலாளி சங்கையா.

"சார், நீங்க நல்லா இருக்கணும்! இம்புட்டு வருசத்துல இன்னைக்குத்தான் மாத்தாள் அனுப்பியிருக்கீக. மக காதுகுத்துக்குக் கிளம்பிட்டேன்."

காமராஜ் யாரையும் அனுப்பவில்லை.

"யாருப்பா வந்தது?"

"பேரு கேட்டேன், சொல்லல. வயசானவக. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டே நின்னாக. நாற்காலிய இழுத்துப்போட்டு, உக்காருங்கன்னேன். 'உக்காந்தா எந்திரிக்க முடியாமப் போயிரும் தம்பி, நீ வீட்டுக்குப் போ'ன்னாக."

சங்கையா பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பு வந்தது. காரியாபட்டி கேட்.

காமராஜ் அதை எடுக்கவில்லை.