ஓடைக்கரை முத்திரை

காலை ஏழு மணி. ஓடைக்கரையில் நின்ற பெரிய மரத்தைக் காணோம். அடிக்கட்டை மட்டும் ஈரம் காயாமல் மிச்சமிருந்தது. அதன் பட்டையைச் செதுக்கி அரசாங்க முத்திரை அடித்திருந்தது. முத்திரை விழுந்தால் வெட்டலாம் என்று அர்த்தம். முத்திரைச் சுத்தியல் இருப்பது வனக்காவலர் கையில்.

வனக்காவலரை ஊரே முசுடு என்றுதான் கூப்பிடும். முந்தின நாள் பல் பிடுங்கிய கன்னம் வீங்க, கட்டையையே முறைத்துக்கொண்டு நின்றார்.

“உங்க முத்திரைய நம்பித்தாண்ணே வெட்டினேன்,” என்றார் மரம் வெட்டும் காண்டிராக்டர்.

“யாருக்குடா நான் அண்ணன்?”

வனக்காவலருக்கு மேலதிகாரியான ரேஞ்சர் தொண்டையைச் செருமினார். “ஓடைக்கரை மரத்தைத் தொடவே கூடாதுன்னு சட்டம். முத்திரை குத்தினவருக்கு வேலையும் போகும், குடியிருக்கிற குவார்ட்டர்ஸும் போகும். ஜெயிலும் உண்டு.”

ஜீப்பிலிருந்து போலீஸ் இன்ஸ்பெக்டரம்மா இறங்கினார். அதிகாரி அதிகாரிக்குப் பரிந்துதான் பேசுவார், உருளப்போவது தன் தலைதான் என்று முசுடு நினைத்தார்.

அந்த அம்மா நேராக மரத்தடிக்குப் போனார். கட்டையருகே குந்தினார். சுற்றிலும் ரம்பத்தூள் மாவு கொட்டியதுபோல் கிடந்தது. செதுக்கிய பட்டைத்துண்டு ஒன்றைத் தூக்கி, அடியிலிருந்த தூளை ஊதிப் பார்த்தார்.

“சுத்தியல் எங்கே?”

“நேத்துக் காலையில ஆபீஸ்ல குடுத்துட்டுப் பல்லுக்குப் போனேன். சொன்னா நம்பவா போறீங்க?”

“காண்டிராக்டர், எப்ப வெட்டினீங்க?”

“நேத்து மத்தியானம். முத்திரை முன்னாடியே இருந்துச்சு.”

ரேஞ்சர் முந்திக்கொண்டார். “அதான் மேடம்! சுத்தியல வாங்கிப் பூட்டினதுலேருந்து சாவி என் பையைவிட்டு நகரல. அப்ப ஒப்படைக்கிறதுக்கு முன்னாடியே இவர் குத்திட்டார்.”

“நகரவே இல்ல?”

“சத்தியமா.”

“அப்ப முத்திரை அடிச்சது நீங்கதான் சார்.”

இன்ஸ்பெக்டரம்மா பட்டைத்துண்டை நீட்டிக் காட்டினார்.

“பட்டையச் செதுக்கினாத்தான் முத்திரை அடிக்க முடியும். முன்னாடியே செதுக்கியிருந்தா, துண்டு மேல ரம்பத்தூள் கொட்டியிருக்கும். இங்க தூள் அடியில, பட்டை மேல. மரம் சாஞ்சப்புறம் விழுந்த முத்திரை இது. அப்ப சுத்தியல் யார் பூட்டுல இருந்துச்சு?”

காண்டிராக்டர் அந்த அம்மா காலில் விழுந்தார். “சார்தாம்மா வெட்டச் சொன்னார்! இன்னிக்கு மேலிடத்துலேருந்து பார்வையிட வர்றாங்கன்னு நேத்துச் சாயங்காலம் சேதி வந்துச்சு. பதறிப்போய் அவரே வந்து குத்தினார்.”

எப்போதும் முன்சீட்டில் போகும் ரேஞ்சர் போலீஸ் ஜீப்பின் பின்சீட்டில் ஏறினார்.

முசுடு இன்ஸ்பெக்டரம்மாவை விடவில்லை. “என்னை எப்படிம்மா நம்பினீங்க?”

“உங்கள எங்க நம்பினேன்? பட்டையத்தான் பார்த்தேன்.”

நம்பினேன் என்று சொல்லியிருந்தால்தான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். கும்பிட்டார்.

பத்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தார். பாத்திரமெல்லாம் மூட்டையாகக் கிடந்தது.

“வேலை போச்சுன்னாங்க, கட்டி வெச்சுட்டேன். எங்க போறோம்?” என்றாள் மனைவி.

“எங்கயும் இல்ல. அவுத்துப் போடு.”

“என்னய்யா ஆச்சு?”

நடந்ததைச் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்தபடி, “அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்,” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் ஒருவரையும் வாழ்த்தி அவள் கேட்டதில்லை.

“இன்னொரு வாட்டி சொல்லுங்க?”

“காதுல விழுந்துச்சில்ல? உலைய வை,” என்று அவரே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார்.