தொண்ணூற்றைந்தாம் வருடத்துச் சாம்பியன்

மிஸ் எடித் ஹாஸ்கல் ஏசா கிம்மலின் வீட்டுக் கதவைத் தட்டியபோது வெர்னான் டிப்டன் மூன்றாவது டோநட்டைக் காபியில் முக்கிக்கொண்டிருந்தார். தட்டிய கையில் அவ்வளவு அவசரம். டோநட் உடைந்து காபிக்குள் மூழ்கியது. அன்றைய முதல் நஷ்டம் அதுதான்.

வெர்னானுக்கு நாற்பத்தாறு வயது, இருநூற்றுப் பத்து பவுண்டு எடை, மாவட்டப் பத்திரிகையில் விளையாட்டு நிருபர் வேலை. துப்பறிவதில் உங்கள் பங்கு என்ன என்று யாராவது கேட்டால், "தப்பான ஆளை முதல்ல சந்தேகப்படறது நான்தான். யாராவது அதையும் செய்யணுமே" என்பார். சரியான ஆளைப் பிடிப்பது அந்த வீட்டுக்காரர் ஏசா கிம்மல். பந்தைக் கையில் சுமந்து ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் நாற்பது வருடம் நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்சில்வேனியாவின் இந்தப் பக்கத்தில் விளையாட்டில் தகராறு என்றால் கல்லூரிகள் அவரிடம்தான் வரும். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆயுள் முழுக்க விசில் ஊதியவருக்குக் குரல் எதற்கு?

"படத்தைக் காணோம், மிஸ்டர் கிம்மல்." டாலிவர் கல்லூரி நூலகரான மிஸ் ஹாஸ்கல் பூட்ஸிலிருந்த பனியைக்கூடத் தட்டவில்லை. "தொண்ணூத்தஞ்சு டீம் படம். கண்ணாடிப் பெட்டி பூட்டினது பூட்டினபடி இருக்கு. சாவி என் கழுத்துல இருக்கு."

கழுத்து நாடாவை இழுத்துக் காட்டினார். சின்னப் பித்தளைச் சாவி ஆடியது.

1895இல் நாட்டின் சாம்பியன் யார் என்று சொல்ல ஆளே கிடையாது. அவரவர் ஊரில் அவரவர் சாம்பியன். இப்போது, 1948இல், சிகாகோவில் ஒரு சங்கம் பழைய பத்திரிகைகளைக் கிளறி, போன ஒவ்வொரு வருடத்துக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பட்டம் சூட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றைந்துக்கு அதன் கண் டாலிவர்மேல் விழுந்தது. சங்கத்தின் ஹோரஸ் லிண்டல் அன்று காலை ரயிலில் ஒரு புகைப்படக்காரருடன் வந்து இறங்கியிருந்தார். ஆறு மணி விருந்தில் அறிவிப்பு. உள்ளங்கை அளவுப் படத்தை முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்கி, நாடெங்கும் போகும் பத்திரிகையில் போடுவார்கள். அந்த ரயிலுக்குப் பின்னாலேயே பனி வந்து தண்டவாளத்தை மூடிவிட்டது. வந்தவர் திரும்ப வழியில்லை. இருப்பவர் ஓடவும் வழியில்லை.

"ஆறு மணிக்குள்ள மேஜைமேல படம் இருக்கணும், இல்லேன்னா உன் ராஜினாமா இருக்கணும்னு டாக்டர் பர்ச்சர்ட் சொல்லிட்டார்." பர்ச்சர்ட், கல்லூரித் தலைவர். "பதினேழு வருஷ வேலை. நானும் அம்மாவும் குடியிருக்கற வீடும் கல்லூரியோடது. இந்தப் பனியில எங்க போறது?"

"உங்கமேல ஏன் சந்தேகம்?" என்றார் கிம்மல்.

"சாவி ஒண்ணுதான். அதோட, அந்த வருஷத்து ரெண்டு ஆட்டத்துக்கு ஆதாரமே இல்லைன்னு போன மாசம் நான் அவருக்குக் கடிதம் எழுதினேன். பட்டத்தைக் கெடுக்கத்தான் படத்தை ஒளிச்சிட்டேனாம்."

"அப்ப பர்ச்சர்ட்தான்!" என்றார் வெர்னான். "உங்களைத் துரத்த அவரே எடுத்திருப்பார்."

"தன் விருந்தைத் தானே கெடுத்துக்கிட்டா?" என்றார் கிம்மல், கோட்டை மாட்டிக்கொண்டே. வெர்னான் காபிக்குள் கிடந்த டோநட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

நூலகத்தின் கோடியில் அந்தப் பெட்டி நின்றது. கறுப்பு வால்நட் மரச் சட்டம், தடித்த கண்ணாடி. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. திருடன் ஜன்னல் வழியாக வந்திருப்பான் என்று வெர்னான் ஒரு ஜன்னலைத் திறக்கப் பார்த்தார். அது உறைந்து போயிருந்தது. இழுத்ததில் விரல் நகம்தான் பெயர்ந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, பெட்டியின் அடியிலிருந்த பித்தளைத் தகட்டைச் சத்தமாகப் படித்தார்: "'லூதர் வாட்லோ தம் பட்டறையில் செய்து அன்புடன் அளித்தது.' பாவம், பெரிய மனுஷன். அவர் கொடுத்த பெட்டியிலயே திருட்டு."

லூதர் வாட்லோவைத் தெரியாதவர் அந்த ஊரில் இல்லை. பெரிய மரச்சாமான் பட்டறைக்காரர், கல்லூரி அறங்காவலர்களில் ஒருவர். தொண்ணூற்றைந்து அணியில் இன்னும் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவரே. இறுதி ஆட்டத்தில் நாற்பது கெஜம் பந்தைச் சுமந்து ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினார். அந்த ஒரே டச்டவுனுக்கு அன்றைய கணக்கில் நாலு புள்ளி. நாலுக்குப் பூஜ்யம். பட்டமே அந்த நாற்பது கெஜத்தின் மேல்தான் நின்றது.

பெட்டிக்குள் மிச்சமிருந்தவை இரண்டு: சேறு காய்ந்த ஒரு கம்பளிச் சட்டை, ஒரு மூக்குக் கவசம். கறுப்பு ரப்பரில் செய்தது. நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை. கீழே, பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ள ஒரு நாக்கு. ஹெல்மெட் இல்லாத அந்தக் காலத்தில் தலைக்கு நீள முடியும் மூக்குக்கு இதுவும்தான் காவல். கிம்மல் அதைக் கைக்குட்டையால் எடுத்து வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்ப இங்க வந்தது, மிஸ் ஹாஸ்கல்?"

"ஆட்டம் நடந்த அன்னைக்கே. கேப்டன் கொடுத்த சீட்டு இருக்கு: 'வாட்லோவுக்காக இன்று காலை புதிதாக வாங்கியது, ஆட்டம் முழுவதும் அணிந்தார்.' அதுக்கப்புறம் நூலகத்தை விட்டு வெளிய போனதில்லை."

"படத்துல என்ன இருந்தது?"

"ஆட்டம் முடிஞ்சதும் மைதானத்துலயே எடுத்தது. பதினொரு பேர், முகமெல்லாம் சேறு, தோள் வரைக்கும் முடி. நடுவுல பந்தோட மிஸ்டர் வாட்லோ. எல்லாரும் விறைப்பா நிக்க, அவர் மட்டும் சிரிக்கறார். அதுக்குமேல தெரியாது. படம் அவ்வளவு சின்னது."

வாட்லோ கல்லூரிக் கூடத்தில் கணப்பருகே அமர்ந்திருந்தார். வயது எழுபத்து மூன்று, முதுகு நேராக இருந்தது. எதிரே சிகாகோ லிண்டல் குறிப்பேட்டோடு. டாக்டர் பர்ச்சர்ட் இருவருக்கும் பின்னால், கல்யாணவீட்டுப் பெண்ணின் தகப்பனைப் போல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வாட்லோ கல்போல் ஓடு கெட்டியான ஒரு ஹிக்கரிக் கொட்டையை வாயில் போட்டு 'டக்'கென்று உடைத்தார்.

"அடேயப்பா! சொந்தப் பல்லா?" என்றார் லிண்டல்.

"முப்பத்திரண்டும்! பல் டாக்டர் வாசலை நான் மிதிச்சதே இல்லை. கழுதை உதைச்சாலும் இது ஆடாது, தம்பி."

"அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார் கிம்மல்.

ஐம்பத்திரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட கதை. வாட்லோ மூச்சு விடாமல் சொன்னார். "இடுப்பை ஒருத்தன் பிடிச்சான், உதறினேன். இன்னொருத்தன் சட்டையைப் பிடிச்சான், கிழிஞ்சுது. நாப்பது கெஜமும் கத்திக்கிட்டே ஓடினேன்: 'பால்குடிப் பசங்களா, பிடிங்கடா பாக்கலாம்!' கோட்டைத் தாண்டி விழுந்தப்பகூடக் கத்தறதை நிறுத்தலை."

"மூக்குக் கவசத்தோடயா?"

"பின்னே? ஆட்டம் முழுக்கக் கழட்டவே இல்லையே!"

அப்போது மிஸ் ஹாஸ்கல் கோப்பு ஒன்றை அணைத்துக்கொண்டு கூடத்தைக் கடந்து போனார். அவர் கண்கள் சிவந்திருந்தன. வாட்லோவின் கையில் அடுத்த கொட்டை வாய்வரை போய் அப்படியே நின்றதை வெர்னான் பார்த்தார். பார்த்துவிட்டு, வழக்கம்போல, தப்பாகப் புரிந்துகொண்டார். 'எவ்வளவு இளகின மனசு!'

நாலரை மணிக்குக் கிம்மல் எல்லோரையும் நூலகத்துக்கு அழைத்தார். வெளியே பனி ஜன்னலின் பாதிவரை ஏறிவிட்டது. கதவைச் சாத்தியதும் அறை ஒரு மூடிய பெட்டி போல ஆனது.

"லிண்டல்தான்" என்று வெர்னான் அவர் காதில் கிசுகிசுத்தார்.

"உட்காரு, வெர்னான்." கிம்மல் கண்ணாடிப் பெட்டிமேல் கை வைத்தார். "முதல்ல சாவி. பூட்டு உடையலை. மிஸ் ஹாஸ்கல்கிட்ட இருக்கறது ஒரு சாவி. ஆனா பெட்டி செய்யற எந்தப் பட்டறையும் ஒரே ஒரு சாவியோட பூட்டு வாங்காது. ரெண்டு வரும். ரெண்டாவது, செஞ்சவர் மேஜையில கிடக்கும்."

பர்ச்சர்ட் முகம் சிவந்தது. "என்ன சொல்றீங்க? அவர் எங்க அறங்காவலர்! தன் படத்தைத் தானே எதுக்குத் திருடணும்?"

"அது அவர் படம் இல்லைங்கறதால."

கிம்மல் மூக்குக் கவசத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நானும் தொண்ணூத்தெட்டுல இதைப் போட்டு ஆடினவன். இந்த நாக்கைப் பல்லால இறுக்கிக் கடிச்சாத்தான் கவசம் மூக்குல நிக்கும். வாயைத் திறந்தா விழுந்துடும். நாப்பது கெஜம் கத்திக்கிட்டு ஓடவே முடியாது. உறுமலாம், அவ்வளவுதான். அதைக் கடிச்சு ஓடினவன் எவனும் அதை மறக்க மாட்டான். பார்த்தவங்கதான் மறப்பாங்க."

கிம்மல் கவசத்தின் நாக்கை வெளிச்சத்தில் திருப்பினார்.

"வயசானவர், கதையைக் கொஞ்சம் ஊதிட்டார்னு விட்டிருப்பேன். ஆனா இது காலைல புதுசா வாங்கினது. ராத்திரி நூலகத்துக்கு வந்துடுச்சு. ஒருத்தர் கடிச்சதை இன்னொருத்தர் வாங்கிக் கடிக்கிற சாமானும் இல்லை இது. ரப்பர்ல பல் தடம் பதிஞ்சு அப்படியே கெட்டியாகியிருக்கு. மேல்வரிசையில முன்பல் ஒண்ணு இருந்த இடம் காலி." கவசத்தை வாட்லோ பக்கம் மெல்ல நகர்த்தினார். "இருபத்தோரு வயசுல இல்லாத பல் எழுபத்து மூணுல முளைக்காது, மிஸ்டர் வாட்லோ. படம் உள்ளங்கை அளவுல இருந்த வரைக்கும் பயமில்லை. முழுப் பக்கம் வந்தா அந்தச் சிரிப்புல இருக்கற ஓட்டை ஊருக்கே தெரியும்."

வாட்லோ கவசத்தைத் தொடவில்லை. கோட்டின் உள்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மிஸ் ஹாஸ்கல் முன்னால் வைத்தார். அந்த நேரான முதுகு முதல் தடவையாக வளைந்தது.

"மன்னிச்சுடும்மா. உன் வேலைக்கு ஆபத்து வரும்னு நான் நினைக்கலை. மத்தியானம் தெரிஞ்சப்பவும் வாயைத் திறக்கலை. அது இன்னும் மோசம்." மூச்சு வாங்கினார். "எனக்கு அந்த வாரம் தோள்பட்டை எலும்பு முறிஞ்சிருந்தது. பட்டியல்ல பேர் கொடுத்தாச்சு. வெளியாளை இறக்கினா எதிரணி தகராறு பண்ணும். கேப்டன் ஒரு சுரங்கக்காரனைக் கூட்டிட்டு வந்து, என் பேரை அவனுக்குக் கொடுத்தார். நான் கொட்டகையில ஒளிஞ்சு, பலகை இடுக்கு வழியாப் பார்த்தேன். மறுநாள் பேப்பர் முழுக்க என் பேர். ஊரே திரண்டு வந்து என்னைத் தோள்ல தூக்கிச்சு. முறிஞ்ச தோளைப் பிடிச்சுத் தூக்கறாங்க, உயிர் போகுது, கத்த முடியலை. ஒரு வாரம் பொறுத்துக்கோ, நானே சொல்லிடறேன்னார் கேப்டன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியலை. பட்டறைக்கு முன்பணம் தந்தவர் அந்த ஓட்டத்துக்காகத்தான் தந்தார். என் மாமனார் பெண்ணைக் கொடுத்ததும் அதுக்குத்தான். சாகறவரைக்கும் என் மனைவிக்குத் தெரியாது."

"படத்தை ஏன் எரிக்கலை?" என்றார் கிம்மல் மெதுவாக.

"எரிக்கத்தான் அடுப்பைத் திறந்தேன். அவன் சிரிச்சுட்டிருந்தான்."

வெர்னான் தன் குறிப்பேட்டை மூடிவிட்டார். வாழ்க்கையில் கிடைத்த ஒரே பெரிய செய்தி அது. கையோ எழுத மறுத்தது. பர்ச்சர்ட் நாற்காலியில் சரிந்தார். "போச்சு. வெளியாள் ஆடின டீம். பட்டம் போச்சு."

லிண்டல் உறையிலிருந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்துல வெளியாளை இறக்காத டீம் எது, டாக்டர்? அதுக்காகப் பட்டத்தைப் பிடுங்கினா என் பட்டியல்ல இருபது வருஷம் வெள்ளையாத்தான் கிடக்கும். எனக்கும் வேலை போயிடும். ஆட்டம் நடந்தது; ஒருத்தன் ஓடினான்; கோட்டைத் தாண்டினான். அதுல சந்தேகமில்லை." பேனாவைத் திறந்தார். "ஆனா பொய்ப் பேரை எழுத மாட்டேன். சொல்லுங்க, மிஸ்டர் வாட்லோ. அவர் பேர் என்ன?"

வாட்லோ வாயைத் திறந்தார். கட்டுண்டவன் அவிழும் நேரத்தில் தெரியும் ஒரு வெளிச்சம் அவர் முகத்தில் வந்தது. பிறகு அது அப்படியே அணைந்தது.

"டாஃபின்னு கூப்பிட்டோம்" என்றார். "வேல்ஸ்லேருந்து வந்த எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தோம், வாங்கிட்டு நடந்து போனான்." பனி அடைத்த ஜன்னலைப் பார்த்தார். "என் பேரை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தோம். பத்து தடவை சொல்லச் சொன்னோம். அவன் பேரை யாரும் கேட்கலை."

லிண்டலின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. மிஸ் ஹாஸ்கல் ஆறு மணிக்கென்று எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தை நேராக்கி, பென்சிலை எடுத்தார்.

"எந்தச் சுரங்கம், மிஸ்டர் வாட்லோ?" என்று கேட்டார்.