ஈமெயிலில் வந்த பிணம்

திரையில் ஒரு பிணம் கிடந்தது.

வெள்ளைச் சட்டை. கழுத்தில் மாலை. மார்பின் மேல் கோத்து வைத்த கைகளில் வெள்ளைக் கையுறை. மூக்கில் பஞ்சு.

"நிரஞ்சன்..."

ஷாமிளாவின் கை மௌஸிலிருந்து நழுவியது.

தெரணியகலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது சதீஸின் கொமியூனிகேஷன் கடை. போட்டோ கொப்பி, லமினேட்டிங், நான்கு கொம்ப்யூட்டர். 2008இல் மேலேயிருந்த ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் இன்டர்நெட் என்றால் அந்த நான்குதான். அழுகைச் சத்தம் கேட்டு சதீஸ் கவுன்டரை விட்டு ஓடி வந்தான்.

அவளுக்கு அவன் அண்ணன் மாதிரி. போன வருஷம் அவளுடைய அப்பா காத்தமுத்து இறந்தபோது பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். இன்டர்நெட்டுக்கு அவளிடம் பாதிக் காசுதான் வாங்குவான். வெளிநாட்டுக்காரர்கள் டிசைன் வேலை கொடுக்கும் வெப்சைட் ஒன்றைக் காட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

அந்த வெப்சைட்டில் கிடைத்தவன்தான் நிரஞ்சன். கனடாவில் சேலைக்கடை திறக்கப் போகிறானாம். கேட்லாக் வேண்டுமாம். வேலை கொடுப்பவர் பணத்தை முதலில் வெப்சைட்டில் கட்டி வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. நிரஞ்சன் அந்த விதியை மெசெஞ்சரில் ஒரே வரியில் கவிழ்த்தான்.

'நமக்கு நடுவுல மூணாவது ஆள் எதுக்கு?'

நமக்கு...! அந்த ஒரு சொல்லில் பெண் கரைந்து போனாள். நான்கு மாதம் வேலை செய்தாள். நான்கு மாதம் காதலித்தாள். பணம் வந்ததும் அம்மாவுக்கு ரப்பர் வெட்டும் வேலையிலிருந்து ஓய்வு கொடுப்பது என்று முடிவும் செய்து வைத்திருந்தாள்.

ஒரே ஒரு காரியத்தில் மட்டும் புத்தியாக இருந்தாள். அனுப்பிய ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் தன் பெயரைப் போட்டே அனுப்பினாள். பெயர் இல்லாத சுத்தமான பிரதி அவளுடைய பென் ட்ரைவில் மட்டுமே இருந்தது.

இப்போது நிரஞ்சனின் தங்கை எழுதியிருக்கிறாள். அண்ணா கார் விபத்தில் போய்விட்டார். முப்பத்தோராம் நாளில் அவர் பெயரிலேயே கடையைத் திறக்கிறோம். சுத்தமான பிரதியை அனுப்புங்கள். பாங்க் விஷயம் சரியானதும் பணம் வரும்.

சதீஸ் பிளேன்டீயை அவள் முன்னால் வைத்தான்.

"செத்த வீட்டுல போயி சல்லி கேக்கலாமா தங்கச்சி? அனுப்பி விட்டுரு. புண்ணியமாப் போகும்."

அந்த மலைகளில் செத்த வீட்டில் யாரும் பணம் கேட்டதில்லை. கடன் கொடுத்த கடைக்காரர்கூட கருமாதி முடியும்வரை வாய் திறக்க மாட்டார். ஷாமிளா பென் ட்ரைவைச் செருகினாள்.

அனுப்புவதற்கு முன் அவனுக்கு ஒரு அஞ்சலிக் கார்டு செய்யத் தோன்றியது. அவளால் அவனுக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், பாவம். படத்தைப் பெரிதாக்கினாள். மாலையைத் துப்புரவாக்கினாள். கைகளுக்கு வந்தாள்.

கண்ணீர் நின்றுவிட்டது.

"அண்ணே... இங்க வாங்க. இது யாரு?"

"என்னா கேள்வி இது? ஒன்னோட நிரஞ்சன்தானே."

"மூஞ்சி யாரோடதுன்னு தெரியல. கை எங்கப்பாவோடது."

சதீஸின் முகம் வெளிறியது.

காத்தமுத்துவின் இடது ஆட்காட்டி விரலில் நுனி கிடையாது. ரப்பர் ஃபெக்டரி ரோலர் என்றைக்கோ தின்றுவிட்டது. பெட்டியில் வைத்தபோது கையுறையின் அந்த நுனி மட்டும் வெறுமையாகத் தொங்கியது. ஷாமிளா அதை உள்ளே மடித்துத் தைத்தாள். வீட்டில் வெள்ளை நூல் இல்லை. நீல நூல்தான் இருந்தது.

கனடாவில் செத்தவனின் விரலில் அந்த நீலத் தையல்!

ஃப்ரேம் போடுவதற்காக, பெட்டியில் கிடந்த அப்பாவை எடுத்த படத்தை அவள் ஸ்கேன் செய்தது இந்தக் கடையில்தான். வேறு எங்கேயும் அது இல்லை. முகத்தை மாற்றியவன் கையைக் கவனிக்கவில்லை.

சதீஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். துண்டு துண்டாகச் சொன்னான். கேட்லாக் இரத்தினபுரி கபூர் முதலாளியின் ஜவுளிக்கடைக்காம். முன்பணம் வாங்கிச் செலவும் செய்தாகிவிட்டதாம். தனக்கு டிசைன் வராதாம். கனடாவும் இல்லை, தங்கையும் இல்லை.

"அப்போ அந்த மெசேஜெல்லாம்?"

அவன் பிளேன்டீக் கோப்பையை ஓரமாக நகர்த்தினான்.

"எங்கப்பாவ நெனச்சு நான் அழுதப்ப, ஆறுதலா எழுதுனது...?"

"நான்தான், தங்கச்சி."

பத்தடி தள்ளி, கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். அவள் மனதில் இருந்ததையெல்லாம் படித்துவிட்டு, போகும்போது மணிக்கணக்குப் பார்த்துப் பாதிக் காசும் வாங்கியிருக்கிறான்.

ஷாமிளாவுக்கு நெஞ்சு விண்டு போனது. செத்தவனுக்காவது முப்பத்தோராம் நாள் என்று ஒன்று உண்டு. பிறக்கவே பிறக்காதவனுக்காக எத்தனை நாள் அழுவது?

"அப்பாவோட பெட்டியத் தூக்குனவரு நீங்க," என்றாள் மெதுவாக. "அந்தப் பெட்டிக்குள்ளயே கைய விட்டுட்டீங்களே அண்ணே."

பென் ட்ரைவை உருவினாள். கபூர் முதலாளியின் நம்பரைக் கேட்டாள். சதீஸ் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். போலீஸ் வேண்டாம் என்றான், ஊரில் மானம் போய்விடும் என்றான். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் நம்பரை எழுதிக் கொடுத்தான்.

அவனுடைய கடை ஃபோனிலேயே டயல் செய்தாள்.

கபூர் முதலாளி முழுக்கதையும் கேட்டார். பிறகு, கொடுத்த முன்பணத்தை சதீஸிடம் தானே கறந்துகொள்வதாகச் சொன்னார். இனி எல்லா வேலையும் நேராக அவளிடமே தருவதாகச் சொல்லி, அவளுடைய கண்டிஷன் என்னவென்று கேட்டார்.

ஷாமிளா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். குரல் இன்னும் உடைந்துதான் இருந்தது.

"இந்த வேலைக்கு முழுச் சல்லியும் கையில வச்சாத்தான் ஃபைல், முதலாளி. அடுத்த வேலைக்குப் பாதி முன்னுக்கே கட்டிரணும். கட்டிட்டா, அதுக்குப் பொறகு யாரு வேணும்னாலும் தாராளமா சாகலாம்."